எக்ஸ்ட்ராக்ட் செய்தபின் கணினி வேறு மாதிரி நடந்துகொள்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டி அனுப்பிய ஃபைல் (ரார், ஜிப்) வராத கடை ராமநாதபுரம் கடற்கரையில் இன்று கிடையாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி டிராவல்ஸ்களுக்கு வளைகுடா வேலைக்குப் போகிறவர்களின் பயோடேட்டா, பாஸ்போர்ட் நகல், அனுபவச் சான்றிதழ் எல்லாம் ஒரே ரார் ஃபைலாக மெயிலில் வருகின்றன. மண்டபம் பக்கம் இறால், நண்டு ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இன்வாய்ஸும் கப்பல் ஆவணங்களும் ஜிப்பாக வருகின்றன. கல்யாணப் படங்களை ஸ்டுடியோக்காரர்கள் பாகம் பாகமாகப் பிரித்து அனுப்புகிறார்கள். இவற்றைப் பிரிக்க (எக்ஸ்ட்ராக்ட் செய்ய) பெரும்பாலும் வின்ரார், சில இடங்களில் செவன்-ஜிப்.

பிரிக்கிற மென்பொருளிலேயே ஓட்டை, அதாவது கெட்டவர்கள் நுழையக்கூடிய பாதுகாப்புக் குறை, இருக்கும்போது, "தெரியாத ஃபைலைத் திறக்காதே" என்கிற வழக்கமான புத்திமதி போதாது. 2025-இல் வெளிவந்த வின்ரார் ஓட்டைக்கு, உள்ளே இருப்பதை நீங்கள் திறக்கவே வேண்டியதில்லை. பிரித்தாலே வேலை முடிந்தது. கடையில் கணினி வைத்திருப்பவர்களையும் அதைப் பழுது பார்க்கிற தம்பிமார்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் கணினியில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்தக் கோளாறு சொன்னாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதுதான் நம் ஊரில் முதல் வைத்தியம். இந்த விஷயத்தில் அதுதான் தவறான வைத்தியம். இந்த ஓட்டைகள் வழியாக வருகிற கெட்ட ஃபைல் பெரும்பாலும் விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போய் உட்காரும். அங்கே இருப்பது நீங்கள் அடுத்த முறை லாகின் செய்யும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். அதுவரை அது வெறும் ஃபைல். கண்டுபிடித்து அழித்துவிட்டால் ஆபத்து அங்கேயே நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் நாமே அதை எழுப்பிவிடுகிறோம்.

நெட்டைத் துண்டியுங்கள். பல கடைகளில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட் ஓடுகிறது. அதை அணைத்தால் போதும். ஃபைபர் இணைப்பு என்றால் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையையும் அணையுங்கள்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் டெஸ்க்டாப் அணைந்துவிட்டதா? யூபிஎஸ் இல்லாத கடைகளில் இது நடக்கும். அப்போது மறுபடியும் சாதாரணமாக லாகின் செய்யாமல் சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானதோடு மட்டும் ஏறும் முறை) ஏற்றுங்கள். சேஃப் மோடில் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் உள்ளவை ஓடாது. அந்த நிலையிலேயே தேடலாம், அழிக்கலாம்.

அப்புறம் பதிப்பு எண். வின்ராரைத் திறந்து, மேலே ஹெல்ப், அதில் அபவுட் வின்ரார். அங்கே 7.13 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். செவன்-ஜிப் என்றால் அதிலும் ஹெல்ப், அபவுட், 25.01 அல்லது அதற்கு மேல். இந்த இரண்டு எண்களையும் கடைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்தாலும் தப்பில்லை. ஏனென்றால் இந்த இரண்டு மென்பொருள்களும் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. விண்டோஸும் பிரவுசரும் நாம் தூங்கும்போது புதுப்பித்துக்கொள்கின்றன. வின்ராரோ யாரோ ஒருவர் போட்ட அன்று எந்தப் பதிப்போ, கணினி ஓயும் வரை அதே பதிப்புதான்.

எண் பழையதாக இருந்தால் உங்கள் கணினி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கதவு திறந்து கிடந்தது என்று அர்த்தம். எண் புதிதாக இருந்தாலும், அதை நேற்றுதான் புதுப்பித்தீர்கள் என்றால் அதற்கு முன் வந்த கெட்ட ஃபைலைப் புதுப்பிப்பு அகற்றியிருக்காது. அதனால் பதிப்பு எதுவானாலும் கீழே உள்ளதைப் பாருங்கள்.

"பிரிக்கும்போது வரிசையாகப் பிழை வந்துச்சு, ஆனா பயோடேட்டா நல்லாத் திறக்குது"

இதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன், ஏனென்றால் பார்ப்பவருக்கு இது பிரச்சினையாகவே படாது. தேவையான ஆவணம் கிடைத்துவிட்டது; வந்த பிழைச் செய்திகளை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

நடப்பது இதுதான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டு அமைப்பில் ஒரு ஃபைலோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தரவுப் பகுதியை ஒட்டி வைக்க முடியும். ஆல்டர்னேட் டேட்டா ஸ்ட்ரீம் என்று பெயர். ரார் ஃபைலுக்குள்ளும் அப்படிப்பட்ட பகுதிகளைச் சேர்த்துக் கட்டலாம். வின்ராரில் திறந்து பார்த்தால் பட்டியலில் ஒரே ஒரு பயோடேட்டாதான் தெரியும். அதோடு ஒட்டியிருக்கும் பகுதிகள் தெரியாது. அந்தப் பகுதியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு புள்ளியும் ஒரு பின்சாய்கோடும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். இரண்டு புள்ளி என்றால் "ஒரு ஃபோல்டர் மேலே போ" என்று அர்த்தம். 7.13-க்கு முந்தைய வின்ரார் அந்தப் பாதையைச் சரியாகத் தடுக்காமல் அப்படியே பின்பற்றியது. தங்கச்சிமடத்தில் இறக்கச் சொன்ன ஐஸ் பெட்டியோடு ஒட்டி வந்த இன்னொரு பெட்டி, தன்மேல் எழுதிய விலாசத்தைக் காட்டி நேரே உங்கள் வீட்டு அடுப்படியில் போய் இறங்கிவிடுவது மாதிரி. நீங்கள் எந்த ஃபோல்டரில் பிரிக்கச் சொன்னீர்கள் என்பதற்கு அங்கே மதிப்பில்லை.

பிழைச் செய்திகள் ஏன் வருகின்றன? நீங்கள் டெஸ்க்டாப்பில் பிரிப்பீர்களா, டவுன்லோட்ஸில் பிரிப்பீர்களா, அதற்குள் இன்னொரு ஃபோல்டரிலா என்பது அனுப்பியவனுக்குத் தெரியாது. அதனால் ஒரு படி மேலே, இரண்டு படி மேலே, மூன்று படி மேலே என்று எல்லா ஆழத்துக்கும் ஒவ்வொரு பிரதி வைக்கிறான். ஒன்று சரியாகப் போய் விழும். மற்றவை இல்லாத பாதையைத் தேடித் தோற்கும். தோற்ற ஒவ்வொன்றுக்கும் வின்ரார் ஒரு பிழை காட்டும். அதோடு வேண்டுமென்றே ஒன்றுக்கும் உதவாத பொய்ப் பாதைகளையும் சேர்த்து வைப்பார்கள். பட்டியலின் மேல்பகுதியில் அவைதான் தெரியும். சந்தேகத்துக்குரிய பாதைகள் கீழே உருட்டினால்தான் கண்ணில் படும். யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே டயக்னாஸ்டிக் மெசேஜஸ் என்கிற அந்தச் சாளரம் இன்னும் திறந்திருந்தால் மூடாதீர்கள். கடைசி வரை உருட்டுங்கள். ஸ்டார்ட்அப், டெம்ப், ஆப்டேட்டா, லோக்கல் என்ற சொற்களோ, எல்என்கே (ஷார்ட்கட்), டிஎல்எல், இஎக்ஸ்இ (இரண்டும் மென்பொருள் ஃபைல்கள்) என்று முடியும் பெயர்களோ இருந்தால், அது சாதாரணப் பயோடேட்டா இல்லை. செல்போனில் அந்தச் சாளரத்தை மேலிருந்து கீழ்வரை படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடங்களில் தேட வேண்டும் என்பதற்கு அதுவே வரைபடம். பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

இந்த ஓட்டையின் எண் சிவிஇ-2025-8088 (மென்பொருள் ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்தான் சிவிஇ). ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025 ஜூலை 18 அன்று இதைக் கண்டுபிடித்தார்கள். வின்ரார்காரர்கள் ஜூலை 30 அன்றே திருத்திய 7.13 பதிப்பை வெளியிட்டார்கள். திருத்தம் வருவதற்கு முன்பே ராம்காம் என்று அழைக்கப்படும் ரஷ்யச் சார்புக் கும்பல் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள நிதி, உற்பத்தி, பாதுகாப்பு, சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு வேலை விண்ணப்பம் என்ற பெயரில் ரார் ஃபைல்களை அனுப்பினார்கள். அவர்கள் குறி நம்மூர் இல்லை. ஆனால் ஓட்டை வெளியே தெரிந்தபின் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் தேர்ந்தெடுத்த வேஷத்தையும் கவனியுங்கள்: தெரியாத ஒருவரின் பயோடேட்டா. டிராவல்ஸ் வைத்திருப்பவருக்கு அதைத் திறப்பதுதான் தொழில். "தெரியாதவர் அனுப்பியதைத் தொடாதே" என்று அவரிடம் சொல்வதில் பொருளே இல்லை. அவருக்கு நாம் செய்யக்கூடிய ஒரே நியாயம், திருத்திய பதிப்பைப் போட்டுக் கொடுப்பது.

இதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 ஜூனில், இதே குணமுள்ள இன்னொரு ஓட்டை, சிவிஇ-2025-6218, 7.12-இல் திருத்தப்பட்டது. 7.12 போட்டுவிட்டோம், போதும் என்று நின்றவர்களும் மறுபடி புதுப்பிக்க வேண்டும்.

"லாகின் பண்ணும்போதெல்லாம் தெரியாத ஏதோ ஒண்ணு ஓடுது"

ரீஸ்டார்ட் ஏற்கனவே நடந்துவிட்டது என்றால் அறிகுறி இப்படித்தான் வரும். கணினி ஏறியதும் ஒரு சாளரம் மின்னி மறைவது, ஃபயர்வால் எதற்கோ அனுமதி கேட்பது, ஒன்றும் செய்யாமலே நெட் விளக்கு துடிப்பது. பெரும்பாலும் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். லேப்டாப்பை மூடி மூடி வைத்துப் பல நாள் லாகின் செய்யாமலே ஓட்டுகிறவர்களுக்கு, ஃபைலைப் பிரித்த நாளுக்கும் அறிகுறி தெரிகிற நாளுக்கும் நடுவே ஒரு வாரம்கூட இருக்கலாம். அதனால் "இன்னைக்கு நான் ஒண்ணும் பண்ணலையே" என்று வாடிக்கையாளர் சொன்னால் அது உண்மைதான். இன்றைக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. போன வாரம் என்ன பிரித்தார் என்று கேளுங்கள்.

தேட வேண்டிய இடம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஷெல் என்று எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி உள்ள முக்காற்புள்ளியை இட்டு, இடைவெளி விடாமல் ஸ்டார்ட்அப் என்று எழுதி என்டர். உங்கள் பயனர் கணக்கின் ஸ்டார்ட்அப் ஃபோல்டர் திறக்கும். அதேபோல் ஷெல், முக்காற்புள்ளி, காமன், ஓர் இடைவெளி, ஸ்டார்ட்அப் என்று எழுதினால் எல்லாப் பயனருக்கும் பொதுவான ஃபோல்டர் வரும். முதலாவதுதான் முக்கியம், ஏனென்றால் அதில் எழுத அட்மின் அனுமதி தேவையில்லை. வியூ மெனுவில் மறைந்த ஃபைல்களையும் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளையும் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

பெரும்பாலான கடைக் கணினிகளில் இந்த ஃபோல்டர் காலியாகவே இருக்கும், அல்லது பிரிண்டர் ஒன்றின் ஷார்ட்கட் (குறுக்குவழி) இருக்கும். நீங்கள் வைக்காத ஷார்ட்கட் இருந்தால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ராம்காம் கும்பல் வைத்த பெயர்கள் அப்டேட்டர், செட்டிங்ஸ், டிஸ்ப்ளே செட்டிங்ஸ் என்பவை. பார்த்தால் விண்டோஸின் சொந்தப் பொருள் மாதிரியே இருக்கும். ஷார்ட்கட்டை இருமுறை சொடுக்க வேண்டாம். வலது பொத்தான், ப்ராபர்ட்டீஸ், அதில் டார்கெட் என்ற வரி. அது எங்கே கைகாட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். டெம்ப் ஃபோல்டருக்கோ ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்கோ கைகாட்டினால், அந்த இடத்துக்குப் போய் அந்த ஃபைலின் தேதியைப் பாருங்கள். நீங்கள் ரார் ஃபைலைப் பிரித்த நாளோடு ஒத்துப்போனால் சந்தேகம் உறுதி. தேதியை மாற்றி வைக்கவும் முடியும் என்பதால், ஒத்துப்போகாததை வைத்து மட்டும் நிரபராதி என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஷார்ட்கட், அது கைகாட்டும் ஃபைல் இரண்டையும் அழியுங்கள். மூல ரார் ஃபைலையும் டவுன்லோட்ஸிலிருந்து அகற்றுங்கள். புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மெயிலில் உள்ள அசலை அப்படியே விட்டு வையுங்கள். அடுத்து மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் கருவியை வேறொரு கணினியில் இறக்கி எடுத்து வந்து ஓட்டுங்கள். டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது), ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) என்று தானாக ஓடும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அது காட்டும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குப் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே தேடும். கால் மணி நேரம் ஆகும்.

இதற்கு மேல் போக வேண்டுமா என்பது அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்தது. ராம்காம் வகைகளில் ஒன்று, ஷார்ட்கட் ஒரு தடவை ஓடியதும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவை வைத்துவிடும். அதன்பின் எட்ஜ் பிரவுசர் போன்ற நல்ல மென்பொருளே தெரியாமல் கெட்ட டிஎல்எல்லை ஏற்றிக்கொள்ளும். அந்த நிலையில் ஷார்ட்கட்டை அழித்ததோடு விஷயம் முடியாது. பாட்டுக் கேட்க, படம் பார்க்க வைத்திருக்கும் கணினியை மேலே சொன்னபடி சுத்தம் செய்துவிட்டுக் கவனித்துப் பார்க்கலாம். வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், மற்றவர்களின் ஆதார் வேலை நடக்கும் கணினி என்றால் என் கருத்து ஒன்றுதான்: கெட்ட ஃபைல் ஓடியிருக்கிறது என்று தெரிந்தால் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். இ-சேவை மையத்துக்கு வருகிற பாட்டியின் ஓய்வூதிய ஆவணத்தை நம்பிக்கையின் பேரில் அந்தக் கணினியில் ஏற்றுகிறோம். "சுத்தமாயிருக்கும்னு நினைக்கிறேன்" என்பது அவருக்குப் போதுமான பதில் இல்லை.

கடவுச்சொற்களை இன்னொரு கணினியிலோ செல்லிலோ இருந்து மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலிருந்தே மாற்றினால் புதியதும் போய்விடும். மெயிலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதையும் அழுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் அங்கே கணக்கு. பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கிறது.

"படம் திறந்துச்சு, கூடவே ஒரு கறுப்புச் சாளரம் மின்னி மறைஞ்சது"

வின்ரார் 6.23-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது சிவிஇ-2023-38831 ஆக இருக்கலாம். மேலே சொன்னதிலிருந்து இது வேறு வகை. இதில் எக்ஸ்ட்ராக்ட் செய்வதில்லை. வின்ரார் சாளரத்துக்குள்ளேயே படத்தையோ பிடிஎஃப்பையோ இருமுறை சொடுக்கித் திறக்கிறோம். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான்.

கட்டுக்குள் ஒரு படமும், அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கும். பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. ஃபோல்டருக்குள் அதே பெயரில் தொடங்கி சிஎம்டி என்று முடியும் ஒரு கட்டளைக் கோப்பு. படத்தைச் சொடுக்கினால் பழைய வின்ரார் இரண்டையும் தற்காலிக ஃபோல்டரில் வைத்துவிட்டு, குழம்பிப்போய்க் கட்டளைக் கோப்பை ஓட்டிவிடும். அந்தக் கறுப்புச் சாளரம் அதுதான். அது தன் வேலையை முடித்தபின் உண்மையான படத்தையும் காட்டிவிடுவதால் சந்தேகம் வருவதில்லை. 2023 ஏப்ரலிலிருந்தே பங்குச் சந்தை, கிரிப்டோ வணிகர்களைக் குறிவைத்து இது நடந்திருக்கிறது. ஆகஸ்டில்தான் திருத்தம் வந்தது.

சோதிப்பது எளிது. ரார் ஃபைலை வின்ராரில் திறந்து, எதையும் சொடுக்காமல் பட்டியலை மட்டும் பாருங்கள். ஒரு ஃபைலும் ஒரு ஃபோல்டரும் ஒரே பெயரில், நடுவில் ஜேபிஜி அல்லது பிடிஎஃப் என்ற எழுத்துகளோடு இருந்தால் அதுதான். ஃபோல்டருக்குப் போய் ஜேபிஜி என்று பெயர் வைக்கிற ஸ்டுடியோ எதுவும் கிடையாது. இங்கே கட்டளை அப்போதே ஓடிவிட்டது என்பதால் ரீஸ்டார்ட் தவிர்ப்பதில் பயன் குறைவு. நெட்டைத் துண்டித்துவிட்டு நேரே ஆஃப்லைன் ஸ்கேன், ஆட்டோரன்ஸ், கடவுச்சொல் மாற்றம்.

"பிரிச்ச வேர்டு ஃபைல் எச்சரிக்கை எதுவும் கேக்காமத் திறக்குது"

நெட்டிலிருந்து இறக்கிய வேர்டு, எக்செல் ஃபைல்களின் மேல் மஞ்சள் பட்டை ஒன்று வருமே, எடிட்டிங்கை அனுமதிக்கவா என்று கேட்டு. இறக்கும்போது விண்டோஸ் அந்த ஃபைலில் ஓர் அடையாளம் வைக்கிறது. அதைப் பார்த்துத்தான் பட்டை வருகிறது. கட்டைப் பிரிக்கும் மென்பொருள் அந்த அடையாளத்தை உள்ளே உள்ள ஃபைல்களுக்கும் கடத்த வேண்டும். கடத்தாவிட்டால் எச்சரிக்கை இல்லை, தடையும் இல்லை.

செவன்-ஜிப்பில் கட்டுக்குள் இன்னொரு கட்டு வைத்து அனுப்பினால் அடையாளம் உதிர்ந்துவிடும் என்ற ஓட்டை, சிவிஇ-2025-0411, இருந்தது, 24.09-இல் திருத்தினார்கள். இதோடு ஓர் அமைப்பையும் பார்க்க வேண்டும். செவன்-ஜிப் ஃபைல் மேனேஜரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செவன்-ஜிப் என்ற தாவல். அதில் ஜோன் ஐடி ஸ்ட்ரீமைக் கடத்துவது பற்றிய வரி ஒன்று இருக்கும். அதை யெஸ் என்று வையுங்கள். பதிப்பைப் புதுப்பித்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

பதிப்பும் அமைப்பும் சரியாக இருந்தும் பட்டை வரவில்லையா? ஃபைல் பென்டிரைவ் வழியாக வந்ததா என்று கேளுங்கள். அந்த அடையாளமும் ஓர் ஆல்டர்னேட் டேட்டா ஸ்ட்ரீம்தான். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ்களால் அதைச் சுமக்க முடியாது. நம் கையில் புழங்குகிற பென்டிரைவ்கள் பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று. அங்கே மென்பொருளில் கோளாறு இல்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. வலது பொத்தானை அழுத்தி டிஃபெண்டரால் ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள்.

ஆபத்தில்லாத சில அறிகுறிகள், கூடவே இரண்டு குறிப்புகள்

செக்சம் எரர், அனெக்ஸ்பெக்டெட் எண்ட் ஆஃப் ஆர்க்கைவ் என்ற செய்திகள் வந்தால் பயப்பட வேண்டாம். ஃபைல் பாதியில் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் பெரிய கல்யாண ஆல்பத்தை இறக்கினால் இது சகஜம். மறுபடி இறக்குங்கள். பாகங்களாக வந்தது என்றால் எல்லாப் பாகமும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே பயோடேட்டாப் பகுதியில் சொன்ன பிழைகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: இங்கே பிழை உங்கள் ஃபைலின் பெயரைச் சொல்லும், அங்கே நீங்கள் கேள்விப்படாத பாதைகளைச் சொல்லும்.

சின்ன ஜிப்பைப் பிரித்ததும் டிஸ்க் நிரம்பி கணினி நின்றுவிட்டால் அது ஜிப் பாம். சில கிலோபைட்டுக்குள் மலையளவு வெற்றுத் தரவைச் சுருக்கி வைத்திருப்பார்கள். நிறுத்துங்கள், அதுவரை பிரிந்து வந்த ஃபைல்களை அழியுங்கள், முடிந்தது.

ஏஸ் (பழைய சுருக்க வகை) என்று முடியும் கட்டு இன்றைக்கு யாரும் அனுப்புவதில்லை. வந்தால் திறக்க வேண்டாம். ரார் என்று பெயர் மாற்றியும் வரும். வின்ராரில் ஏஸ் பிரிக்கும் நூலகத்தில் (அந்த வேலையைச் செய்யும் குறியீட்டுத் தொகுப்பு) ஏறத்தாழ 19 ஆண்டு கிடந்த ஓட்டையை 2019-இல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த நூலகத்தின் மூலக் குறியீடு வின்ரார்காரர்களிடமே இல்லாததால், திருத்த வழியின்றி 5.70-இல் ஏஸ் வசதியையே எடுத்துவிட்டார்கள்.

ஆண்ட்ராய்டு செல்லில் ரார் செயலியில் பிரித்தவர்களுக்கு 2025 ஓட்டை பொருந்தாது. அது விண்டோஸ் பதிப்புகளுக்கு மட்டும். ஆனால் செல்லில் ஒன்றும் ஆகவில்லையே என்று அதே ரார் ஃபைலைக் கடைக் கணினிக்கு அனுப்பினால் அங்கே பொருந்தும்.

"புதுசா ஃபார்மட் போட்டு வாங்கினேன், அதிலயும் பழைய பதிப்பு"

இந்தக் கரையோரத்தில் ஓட்டை பரவுகிற வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். சர்வீஸ் செய்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதில் ஆல் சாஃப்ட்வேர் என்று ஒரு ஃபோல்டர். தமிழ் ஃபான்ட், பிரிண்டர் டிரைவர், பிரவுசர், விஎல்சி, வின்ரார். எப்போதோ இறக்கி வைத்தது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் காப்பி ஆகி, ஏர்வாடி, சாயல்குடி வரை ஒரே ஃபோல்டர் போயிருக்கும். விண்டோஸ் போட்டதும் அதிலிருந்து வரிசையாக இன்ஸ்டால் செய்கிறோம். பிரவுசர் தானே புதுப்பித்துக்கொண்டுவிடும். வின்ரார் மட்டும் 5.40 என்றோ 5.61 என்றோ அப்படியே நின்றுவிடும். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியது புதிய விண்டோஸும் பழைய ஓட்டையும்.

தம்பிமார்களே, அந்த ஃபோல்டரிலிருந்து வின்ரார் செட்டப்பை இன்றைக்கே அழித்துவிடுங்கள். ரார்லேப் டாட் காம் தளத்திலிருந்து அன்றன்று இறக்கிப் போடுங்கள். செவன்-ஜிப்புக்கு அதன் சொந்தத் தளம் டாட் ஆர்க் என்று முடியும். டாட் காம் என்று முடிவது அவர்களுடையது இல்லை. கிராக் போட்ட வின்ராரைத் தொடவே வேண்டாம். 40 நாள் சோதனைக் காலம் முடிந்தபிறகும் அது வாங்கச் சொல்லி நினைவூட்டிக்கொண்டு வேலை செய்கிறது. அந்தப் பெட்டியை மறைப்பதற்காக யாரோ மாற்றி எழுதிய செட்டப்பை வாடிக்கையாளரின் கணினியில் ஏற்றுவது நியாயமில்லை. வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் உரிமம் வாங்கிவிடுவதுதான் முறை. காசு கொடுக்க வேண்டாம் என்றால் செவன்-ஜிப் முழுக்க இலவசம்.

புதிய பதிப்பு போட்டபின்னும் ஹெல்ப்பில் பழைய எண்ணே காட்டினால், கணினியில் இரண்டு வின்ரார் இருக்கின்றன. ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும், எக்ஸ்86 என்று முடியும் இன்னொரு ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும் பாருங்கள். பழைய 32-பிட் பதிப்பை முதலில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், பிறகு ஒரு ரார் ஃபைலை இருமுறை சொடுக்கி எது திறக்கிறது என்று சோதியுங்கள். டெஸ்க்டாப்பில் கிடக்கும் போர்ட்டபிள் வின்ராரையும் மறக்க வேண்டாம். வேறு சில ஃபைல் மேனேஜர் மென்பொருள்கள் தமக்குள்ளேயே அன்ரார் நூலகத்தை (ரார் ஃபைலைப் பிரிக்கும் பகுதி) வைத்திருக்கும். வின்ராரைப் புதுப்பித்தால் அவை புதுப்பிக்கப்படாது, தனியே பார்க்க வேண்டும்.

பழைய 32-பிட் விண்டோஸ் ஓடும் கணினிகளுக்குப் புதிய வின்ரார் வருவதில்லை. 7.10-இலிருந்து 64-பிட் மட்டும்தான். அங்கே வின்ராரை எடுத்துவிட்டு 32-பிட் செவன்-ஜிப்பைப் போடுங்கள். அது ரார் ஃபைலையும் பிரிக்கும். விண்டோஸ் 11 உள்ள கணினி என்றால் இன்னும் எளிது. 2023 இறுதியிலிருந்து வந்த புதுப்பிப்புகளோடு அதுவே ரார், செவன்-ஜிப் வகை ஃபைல்களைத் திறக்கிறது. வாரத்துக்கு ஒரு ஜிப் பிரிக்கிற கடைக்கு வேறு மென்பொருளே வேண்டியதில்லை. அங்கே நான் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் விட்டுவிடுகிறேன். விண்டோஸ் அப்டேட் ஓடும்போது இதுவும் சேர்ந்து சரியாகிக்கொள்ளும். விண்டோஸ் அப்டேட்டை யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். டேட்டா மிச்சம் பிடிக்க அதை நிறுத்தி வைத்த கடைகள் இங்கே நிறைய உண்டு.